வெறும் கேஸ்தான் என்றார்கள்

பிப்ரவரி 6, 2025, வியாழன்

இன்று அல்போன்சாக்கா முதல் முறையாக பிராட்வேயில் லேன் மாறினார். அறுபத்து மூன்று வயதில். கண்ணாடி பார்த்து, தோளைத் திருப்பிப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, "மாதாவே" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு மாறினார். பின்னால் வந்த டிரக்குக்காரன் ஹாரன் அடித்தான். "அவன் கெடக்கான் டீச்சர்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கணவர் இறந்தபிறகு தூத்துக்குடி வீட்டைப் பூட்டிவிட்டு மகன் கிருபைராஜோடு இருக்க வந்தவர். அவருக்குத் தினமும் பூசைக்குப் போக வேண்டும். மகன் ஞாயிறு மட்டும்தான் கூட்டிப் போகிறான். அதற்காகவே இந்த லைசென்ஸ். டெக்சாஸில், இந்தப் பேர்லேண்டில் கார் ஓட்டத் தெரியாதவள் வீட்டுச் சாமான் மாதிரி, யாராவது எடுத்து வைத்தால்தான் இடம் மாற முடியும். நானும் பெரம்பூரிலிருந்து வந்த புதிதில் மூன்று வருஷம் அப்படித்தான் கிடந்தேன். அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன். டிரைவிங் ஸ்கூல் முதலாளி லாரா நம்மூர்ப் பெண்களை மொத்தமாக என்னிடம் தள்ளிவிடுவாள்.

மதியம் வீட்டில் புளியோதரை. சாப்பிட்டுவிட்டு, குனிந்து டிஷ்வாஷரில் தட்டை வைக்கும்போது மறுபடி வந்தது. நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு இடைவெளி. பிறகு தடதடவென்று. பெரிதாக ஒரு ஏப்பம் வந்ததும் அடங்கியது. என் கணவரிடம் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "கேஸ்தான் ஷ்யாமா. ஈனோ குடி" என்றார்.

இரண்டு வருஷமாக இதே பதில். நம்மவர்களுக்கு நெஞ்சில் எது நடந்தாலும் அது கேஸ். முதுகு பிடித்தால் கேஸ், தலை சுற்றினால் கேஸ்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஈனோ குடித்தேன். அடங்கியது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று சார் வெற்றிப் புன்னகையோடு போகிறார். பெட்ரோலியக் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் ஆராய்ச்சி செய்த மூளை.

பிப்ரவரி 20, வியாழன்

உடம்பு அசதியாக இருக்கிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், என் கதை என்னிடம் இருக்கட்டும்.

பாரலல் பார்க்கிங் சரியாக வந்த சந்தோஷத்தில் அக்கா என்னை பஃபேக்குக் கூட்டிப் போனார். வேண்டாம் என்றால் விடுகிற ஆளா அவர்? என் தட்டில் அவரே பிரியாணியை அள்ளி வைத்தார். "எலும்பா இருக்கிய டீச்சர், நல்லா சாப்பிடுங்க." எலும்பாம். போன வாரம்தான் சுடிதார் பிரித்துத் தைத்தேன். நானும் சாப்பிட்டேன், பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது. மேலே இரண்டு ரசமலாய்.

திரும்பும்போது அக்கா ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில், டீச்சருக்கென்று வைத்த இரண்டாவது பிரேக்கில் காலை வைத்தபடி. பெல்ட் வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது. துள்ளல் வந்தது. இடைவெளி வந்தது. தடதடப்பு வந்தது. ஏப்பம் மட்டும் வரவில்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. "அக்கா, ஓரமா..." என்று மட்டும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. இண்டிகேட்டர் போட்டார். கண்ணாடி பார்த்தார். ஒரு கடை வாசலில், கோட்டுக்குள்ளே வண்டியை நிறுத்தி, கியரைப் பார்க்கில் போட்டார். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே ஆம்புலன்சுக்கு 911 அடித்து, "மை டீச்சர் ஹார்ட் நாட் குட், கம் குயிக்" என்றார். அந்த நிலையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லிக்கொடுத்தது நானல்லவா?

எமர்ஜென்சியில் வயரை ஒட்டுவதற்குள் இதயம் சமர்த்தாகிவிட்டது. ஈசிஜி சுத்தம். ரத்தம் சுத்தம். "பேனிக் அட்டாக்காக இருக்கலாம்" என்று ஒரு சின்னப் பையன் டாக்டர் சொன்னான். கார்டியாலஜிஸ்டைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டான். பிரியாணி, ரசமலாய், பெல்ட் எல்லாம் சொன்னேன். அவன் எதையும் டைப் செய்யவில்லை.

பிப்ரவரி 22, சனி

என் கார் சாவி மாட்டும் ஆணியில் சாவி இல்லை.

"எங்க வெச்சீங்க?"

"இனிமே நீ ஓட்ட வேணாம் ஷ்யாமா. ஹார்ட் விஷயம். எங்க போகணும்னாலும் சொல்லு, நான் டிராப் பண்றேன்."

ரெண்டு வருஷமா நான் சொன்னப்போ கேஸு. இப்போ இவர் வாயால சொன்னா ஹார்ட்டு. என் நெஞ்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு என்னைத் தவிர ஊருல எல்லாருக்கும் தெரியும் போல!

கத்திவிட்டேன். கத்தியதும் படபடவென்று வந்தது. "பாத்தியா?" என்றார். அதற்கு மேல் கத்தவும் வழியில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

லாரா நல்லவள். ஆனால் அவளுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது. டிரைவ் செய்யலாம் என்று டாக்டரிடமிருந்து எழுத்தில் வந்தால்தான் நான் திரும்ப சொல்லிக்கொடுக்க முடியும். என் மாணவிகளை வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். அல்போன்சாக்கா மட்டும் போகவில்லை. போன் செய்து, "டீச்சர், நீங்க வாற வரைக்கும் நான் வண்டி எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

"அக்கா, அது வரைக்கும் பூசைக்கு?"

"டிவில பாத்துக்கிடுதேன். ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்?"

எனக்காகக் காத்திருக்கிறாராம். சரி. அப்படியானால் நான் திரும்பத்தான் வேண்டும். என் சாவி, என் வேலை. யாருடைய பயத்துக்காகவும் விடுவதாக இல்லை. ஆனால் ஒன்று. காரணம் தெரியாமல் ஸ்டியரிங்கைத் தொடவும் மாட்டேன். அந்த பிரேக்கில் என் கால் இருந்தது. கண் இருட்டியபோது அந்தக் கால் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது.

மார்ச் 3, திங்கள்

கார்டியாலஜிஸ்ட் டாக்டர் கெல்லர். ஆறடி உயரம், அன்பான குரல். எக்கோ எடுத்தார், டிரெட்மில்லில் ஓடவிட்டார். இதயம் திடமாக இருக்கிறதாம். துடிப்பைப் பதிவு செய்ய, நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பேட்ச் கொடுத்தார். இரண்டு வாரம் குளிக்கும்போதுகூட எடுக்கக் கூடாது. துடிப்பு தப்பும்போது அதிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும்.

சாப்பிட்ட பிறகுதான் வருகிறது என்று மறுபடி சொன்னேன். குனிந்தால் வருகிறது. ஏப்பம் விட்டால் போகிறது.

சிரித்தார். நீங்கள் மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று உங்கள் இதயத்துக்குத் தெரியாது, மிஸஸ் பசுபதி என்றார்.

உங்களுக்கும் தெரியாதே என்று நாக்கு நுனிவரை வந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார், டாக்டருக்கு.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். அல்போன்சாக்காவுக்கு இன்றிலிருந்து ஒருசந்தி. "ஒரு நேரந்தான் சோறு. உங்களுக்காவ ஒப்புக்கொடுத்திருக்கேன்" என்றார். எனக்காக ஒருத்தர் பட்டினி இருக்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் சரி அக்கா, சரி அக்கா என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பேட்ச் அரிக்கிறது. மற்றபடி சுகம். இட்லி, ரசம் சாதம், மோர். ராத்திரி ஏழுக்குள் சாப்பாடு. இப்படி இருந்து எவ்வளவு நாளாயிற்று! பட்டனை அமுக்க வேண்டிய வேலையே வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரண்டு மூன்று சின்னத் துள்ளல். சமர்த்து நெஞ்சே.

மார்ச் 25, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக அதிகப்படித் துடிப்பு, எல்லோருக்கும் இருப்பதுதானாம். கெல்லர் மனப்பதற்றத்துக்கு ஒரு தெரபிஸ்ட் பெயரை எழுதிக் கொடுத்தார். ஆங்சைட்டி.

ஆக, என் வயிற்றிலும் இல்லை, நெஞ்சிலும் இல்லை. என் தலையில் இருக்கிறது!

ஆஸ்டினிலிருந்து ரக்ஷா பேசினாள். "அம்மா, ஆங்சைட்டி இஸ் ரியல், ஓகே? இட்ஸ் நத்திங் டு பி அஷேம்ட் ஆஃப்."

"எனக்கு அவமானம் இல்லடி. கோபம். ரெண்டும் வேற வேற."

"தட்ஸ் ஆல்சோ எ சிம்ப்டம், அம்மா."

பெற்ற மகள்! போனை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்கினேன். ஆங்சைட்டி இருக்கிறவள் டெக்சாஸ் ஃப்ரீவேயில் பதினெட்டு வருஷம் புது டிரைவர்கள் பக்கத்தில் உட்கார முடியுமா? 288 ஹைவேயில் ஓடுகிற வண்டிகளோடு மெர்ஜ் ஆகும்போது கண்ணை மூடிக்கொண்ட ஒருத்தியின் கையைப் பிடித்து ஸ்டியரிங்கைத் திருப்பியவள் நான். அன்று எனக்கு ஒரு துடிப்புகூடத் தப்பவில்லை. அதைப் போய் எந்த டாக்டரிடம் சொல்வது?

ஹார்ட் சரியாக இருக்கிறது என்றாகிவிட்டதே, சாவியைக் கொடுங்கள் என்றேன். "முதல்ல தெரபிஸ்ட பாரு" என்றார். முழம் முழமாக நீள்கிறது.

மார்ச் 29, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

சாயங்காலம் வெள்ளியங்கிரி வந்தார். இவரோடு வேலை பார்ப்பவர், கோயம்புத்தூர்க்காரர். புது வீடு கட்டி முடிந்துவிட்டதென்று சொல்ல ஜாங்கிரி டப்பாவோடு வந்திருந்தார். ஜாங்கிரி என்றால் என் கணவருக்கு உயிர். ஆனால் கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"வேண்டாங்க. ரெண்டு வாரத்துல பிளட் டெஸ்ட். இப்போ ஸ்ட்ரிக்ட்டா இருக்கேன். டெஸ்ட் முடியட்டும், டப்பாவோட சாப்பிடறேன்."

"நானும் அப்படித்தானுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "போன தடவை ஒரு மாசம் வெறும் ஓட்ஸு. சுகர் சூப்பரா வந்துச்சு. டாக்டரே கை குடுத்தாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான் இது. டெஸ்டுக்கு முன்னால் சாமியார், டெஸ்ட் முடிந்த அன்று மத்தியானம் மட்டன். யாரை ஏமாற்றுகிறீர்கள், டாக்டரையா என்று நானும் வருஷா வருஷம் கேட்பேன். இன்றும் கேட்பதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன்? பேட்ச் ஒட்டிய அன்றிலிருந்து இட்லி, ரசம், மோர். ஏழு மணிக்குள் சாப்பாடு. யாரும் அப்படிச் சாப்பிடச் சொல்லவில்லை! நெஞ்சில் ஒரு மெஷின் ஒட்டியிருக்கிறதே, பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று, விருந்தாளி வரும் வீட்டைப் பெருக்கி வைக்கிற மாதிரி வயிற்றைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன். மெஷினும் வந்து பார்த்துவிட்டு, வீடு சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

முட்டாள், ஷ்யாமளா. வடிகட்டின முட்டாள்.

ஆனால் இதிலேயே பதிலும் இருக்கிறதே? கொஞ்சமாகச் சாப்பிட்டபோது வரவில்லை. அது ஒன்று போதாதா?

ஏப்ரல் 1, செவ்வாய்

வயிற்று டாக்டரிடம் போனேன். யாரையும் கேட்கவில்லை. ஊபர் பிடித்துப் போனேன்.

டாக்டர் நவநீத். இங்கே பிறந்து வளர்ந்த பையன், தமிழை மிதித்து மிதித்துப் பேசுகிறான். ஆனால் காது கொடுத்துக் கேட்டான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். முடித்ததும் பேப்பரில் ஒரு படம் போட்டான்.

"ஆன்ட்டி, திஸ் இஸ் யுவர் ஃபுட் பைப். இதுக்கு முன்னாடி என்ன இருக்கு சொல்லுங்க?"

"என்ன?"

"ஹார்ட். ரைட் தேர். மேல் ரூமோட பின் சுவர். நடுவுல கேப்பே இல்ல, ஆல்மோஸ்ட். அண்ட் ரெண்டுக்கும் போற நர்வ் ஒண்ணுதான்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே சுவர். இந்த வீட்டில் உலக்கை போட்டால் அந்த வீட்டில் பாத்திரம் ஆடாதா? இதைத்தானே நான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அழுகை வந்தது. நெஞ்சுக்காக அழவில்லை, ஒருத்தன் நம்பிவிட்டானே என்று.

உடனே எச்சரித்தான், அதுவும் சரிதான். எல்லா நெஞ்சுப் படபடப்பும் வயிற்றிலிருந்து வருவதில்லையாம். கேஸ் என்று நினைத்து இதயத்தைப் பார்க்காமல் விட்டவர்களை அவனே பார்த்திருக்கிறானாம். அதனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளிவிடக் கூடாது என்றான்.

"அப்போ நீங்களும் கெல்லரும் ஒரு தடவை பேசுங்களேன்" என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் முகம் திருப்பிக்கிட்ட சம்பந்தி மாதிரி, நீங்க இந்தப் பக்கம் அவர் அந்தப் பக்கம்னு இருந்தா நடுவுல நான் என்ன பண்றது?"

சிரித்தான். மெசேஜ் போடுகிறேன் என்றான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எண்டோஸ்கோபி. வயிற்றின் மேல் முனை, இருக்க வேண்டிய இடத்தைவிட்டு நெஞ்சுக்குள் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உணவுக்குழாயில் அமிலம் பட்ட புண் வேறு. போட்டோ கொடுத்தார்கள். என் கணவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ கேஸ்தானே ஷ்யாமா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கெல்லர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: உங்கள் பேட்சுக்கு முன்னால் நான் நல்ல பெண்ணாக நடித்தேன். நீங்கள் பார்த்தது என் இதயத்தை அல்ல, என் டயட்டை. இன்னொரு பேட்ச் கொடுங்கள். இந்த முறை நான் எப்போதும் சாப்பிடுகிற மாதிரி சாப்பிடுகிறேன்.

தேவையில்லை என்று நினைக்கிறேன் என்றார். தேவை என்று நான் நினைக்கிறேன் என்றேன். பேட்ச் வராமல் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் கணவர் தொண்டையைக் கனைத்தார். "டாக்டர், பெட்டர் டு கிவ்" என்றார் மெல்ல. இந்த விஷயத்தில் அவர் என் பக்கம் பேசியது இதுதான் முதல் தடவை.

போகும்முன் கெல்லர், மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடனே 911, வீரம் காட்டக் கூடாது என்றார். சரி என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூரி மசால். பட்டன் ஒரு தடவை. ஒன்பதரைக்கு சாம்பார் சாதம், அப்பளம். பட்டன் இரண்டு தடவை.

மே 3, சனி

வெள்ளியங்கிரி வீட்டு கிரகப்பிரவேசம். நல்ல நேரத்தில் பால் காய்ச்சியது புதன்கிழமை விடியலில், அவர்கள் நான்கு பேர் மட்டும். ஊருக்குச் சாப்பாடு இன்று. அமெரிக்காவில் முகூர்த்தம் என்றால் சனிக்கிழமைதான்.

வடை, இரண்டு பொரியல், அவியல், சாம்பார், வத்தக்குழம்பு, பாயசம். வழக்கமாக எப்படிச் சாப்பிடுவேனோ அப்படியே சாப்பிட்டேன், கூடவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வேண்டாம் என்று இலையை மறைத்தேன். வெள்ளியங்கிரி மனைவி என் கையை நகர்த்திவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். அதுவும் வழக்கம்தானே.

கிளம்பும்போது வாசலில் செருப்புக் குவியல். எண்பது ஜோடி இருக்கும். என் செருப்பு அடியில் கிடந்தது. வயிறு முட்ட இருக்கையில் மடங்கிக் குனிந்து தேடினேன். துள்ளல். இடைவெளி. தடதடதடவென்று. சுவரைப் பிடித்துக்கொண்டு அதன் ஓரமாக உட்கார்ந்தேன். புடவைக்கு மேலாகவே பட்டனை அமுக்கினேன்.

சுற்றி ஒரே கூட்டம். "கேஸுங்க அது, சோடா குடுங்க." "பெருங்காயத்தைத் தண்ணில கரைச்சுக் குடுங்க." "ஆன்ட்டி, ஜெலுசில் கார்ல இருக்கு." ஆளாளுக்கு மருத்துவம்.

"யாரும் எதுவும் குடுக்காதீங்க!" என்று ஒரு குரல். என் கணவர். கூட்டத்தை விலக்கிவிட்டு என் பக்கத்தில், செருப்புகளுக்கு நடுவே, பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். "அவ சொல்லட்டும். ஷ்யாமா, மயக்கமா வருதா? 911 கூப்பிடவா?"

"இல்ல. மயக்கம் இல்ல. அப்படியே உக்காருங்க. மெஷின் பாத்துக்கிட்டு இருக்கு."

அவர் கை என் மணிக்கட்டில் இருந்தது. நாடியை எண்ண முயன்றார் போல. முகம் வெளுத்துவிட்டது. துடிப்புக்கு ஒரு ஒழுங்கே இல்லை என்பதை முதல் தடவையாக அவரே விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு நீண்ட ஏப்பம் வந்தது. அடங்கிவிட்டது.

திரும்பும்போது அவர்தான் கார் ஓட்டினார். சிக்னலில் நின்றபோது, "ரெண்டு வருஷமா இப்படித்தான் இருந்துச்சா?" என்றார்.

"ஆமா."

மே 16, வெள்ளி

கெல்லரே போன் செய்தார். நர்ஸ் இல்லை, அவரே.

கிரகப்பிரவேசத்தன்று மத்தியானம் நடந்தது அதிகப்படித் துடிப்பு இல்லை. இதயத்தின் மேல் அறை தாளம் தவறி அதன் இஷ்டத்துக்குத் துடித்திருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இன்னும் மூன்று தடவை, எல்லாமே சாப்பாட்டுக்குப் பிறகு. நவநீத்தோடு பேசினாராம். நீங்கள் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும் என்றார். பிறகு, உங்கள் இதயத்துக்கு மதிய உணவு தெரிந்திருக்கிறது என்றார். நினைவு வைத்திருக்கிறார் மனிதர்.

வயிற்றை அடக்கினால் இது அடங்கலாம். முழுக்க அடங்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. அமிலத்துக்கு ஒரு மாத்திரை, துடிப்புக்கு ஒரு சின்ன மாத்திரை. என் வயதுக்கும் மற்ற ரிப்போர்ட்டுகளுக்கும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், ஆனால் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு மாதம் தொந்தரவு இல்லாமல் போனால் லாராவுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றார்.

மே 17, சனி

இவர் பழையபடி ஆரம்பித்தார். "இப்போ நிஜமாவே ஹார்ட்டுன்னு ஆயிடுச்சே ஷ்யாமா. எதுக்கு இனிமே ரிஸ்க்? வேலைய விட்டுடு."

"ரெண்டு வருஷம் இதே ஹார்ட்டோடதான் ஓட்டினேன். அப்போ யாரும் பாக்கல, மருந்து இல்ல, உங்களுக்குப் பயமும் இல்ல. இப்போ ரெண்டு டாக்டர் பாக்கறாங்க. இப்போ எதுக்குப் பயம்?"

எழுந்து போய்விட்டார். பிறகு அடுப்பங்கரையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அன்னிக்கு உன் கையப் பிடிச்சுட்டு இருந்தேன் பாரு. அது என் கைக்குள்ள எப்படி எப்படியோ துடிச்சுது. நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

போய்க் கட்டிக்கொண்டேன். எனக்கும் பயம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் சாவி வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

கால் வயிறு, அரை வயிறு. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, பூனை மாதிரி. கட்டிலின் தலைமாட்டை அவர் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறார். விருந்துக்குப் போனால் இலையை மறைப்பதில்லை, எழுந்தே விடுகிறேன். இன்று ஒரு வீட்டில் "எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்று முகம் வாடினார்கள். பிடிச்சிருக்கு, அதனாலதான் எழுந்துட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 20, வெள்ளி

எழுத்தில் வந்துவிட்டது. லாரா கட்டிக்கொண்டாள். வீட்டில் என் கார் சாவி மட்டும் இன்னும் ஆணிக்குத் திரும்பவில்லை. எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம்: சாப்பிட்டவுடன் வண்டி இல்லை. துள்ளல் ஆரம்பித்தால் உடனே ஓரம். அல்போன்சாக்கா காட்டிய மாதிரி, இண்டிகேட்டர் போட்டு.

ஜூலை 10, வியாழன்

அக்கா பாஸ்! பாரலல் பார்க்கிங்கில் டெஸ்ட் எடுத்தவனே கை தட்டினானாம். வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நாளைக்குக் காலைலயே பூசைக்குப் போறேன் டீச்சர். நானே போறேன். ஒத்தையில போறேன்."

ஜூலை 19, சனி

இவருடைய பிளட் டெஸ்ட் இன்று. ஏப்ரலில் எடுக்க வேண்டியது, என் கலாட்டாவில் தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்ஸ் வாங்கவில்லை. போன ஞாயிறு வெள்ளியங்கிரி கொடுத்த ஜாங்கிரியில் இரண்டு சாப்பிட்டார். புதனன்று ஐஸ்கிரீம். நேற்று இரவு வழக்கம்போல் வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்கும். "வர்றது வரட்டும்" என்று மட்டும் சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பினோம். நான் வாசலைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அவர் கார் அருகே நின்றுகொண்டிருந்தார். என் கார் சாவி அவர் கையில்தான் இருந்தது. அதை என்னிடம் நீட்டிவிட்டு, முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

288-இல் ஏறும்போது அவர் வலது கால், இல்லாத பிரேக்கை அமுக்கியது. நான் பார்க்காத மாதிரி லேன் மாறினேன்.